ஓரத்தில்தான் இருக்கு விலை

(கூட்டமைப்பு நடத்திய தையல் பயிற்சியின் நிறைவு நாளில் நாங்கள் பேசியது. அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)



காலையிலேயே சமையலை முடிச்சு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, பஸ் பிடிச்சு வந்திருக்கீங்க. ரப்பர் வெட்டு முடிச்ச கையோடு வந்தவங்களும் இருக்கீங்க. அதனால் நாங்கள் ரொம்ப நேரம் எடுத்துக்க மாட்டோம். ஓர அலங்காரமும் அப்ளிக் வேலையும் கத்துக்கிட்டீங்க. இன்னைக்கு சான்றிதழ் வாங்கப் போறீங்க. அதுக்கு முன்னால ஒரே ஒரு விஷயத்தை மட்டும் உங்ககிட்ட சொல்லணும்.

முதல்ல ஒரு கேள்வி. ஜவுளிக்கடைக்குப் போய் ஒரு குழந்தைக் கவுனைக் கையில் எடுக்கிறோம். என்ன பார்ப்போம்? நிறம் பார்ப்போம், பூ பார்ப்போம். அடுத்தது? அப்படியே புரட்டி உள்பக்கம் பார்ப்போம். கழுத்து ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்போம். நூல் தொங்கினால், "இது ரெண்டு துவைக்குத் தாங்காது" என்று திருப்பி வெச்சுருவோம். நம்மகிட்ட வாங்க வர்றவங்களும் அப்படித்தான் பார்ப்பாங்க. துணிக்கு நடுவில் நாம் எவ்வளவு அழகு செய்தாலும், விலையைத் தீர்மானிக்கிறது ஓரம்தான்.

எங்களுக்குக் கிடைச்ச பாடம்

இதை நாங்கள் புத்தகத்தில் படிக்கவில்லை. அடிபட்டுத்தான் படிச்சோம். அதையும் மறைக்காமல் சொல்லிடுறோம்.

சில வருஷம் முன்னால, தோவாளை பக்கத்துல உள்ள ஒரு குழுவுக்கு 100 தலையணை உறை ஆர்டர் வந்தது. வெள்ளைத் துணி, மூலையில் சிவப்புப் பூ அப்ளிக். "கால் மெஷினில் இது முடியாது, ஜிக்ஜாக் மெஷின் வாங்குங்க" என்று நாங்கள்தான் சொன்னோம். குழுவில் கடன் எழுதி மெஷின் வாங்கினாங்க. இராத்திரி பகலாத் தைச்சு, சொன்ன தேதியில் 100 உறையையும் கொடுத்தாங்க. எங்களுக்கும் பெருமையா இருந்தது.

ஒரு மாசத்துக்குள்ள 38 உறை திரும்பி வந்தது. முதல் துவையிலேயே பூவோட ஓரம் பிரிஞ்சு போச்சு. சிலதில் சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கியிருந்தது. அந்தக் குழுவின் ஊக்குநர் போன் பண்ணி, "டீச்சரே, பூவெல்லாம் பிரிஞ்சு வந்துட்டுல்லா, இனி நாங்க என்னத்த செய்ய?" என்று கேட்டாங்க. எங்களுக்குப் பதில் வரவில்லை. மெஷின் கடன் தவணை மட்டும் மாசாமாசம் வந்துக்கிட்டே இருந்தது. ஒரு உறுப்பினர் வீட்டில், "மெஷினை வித்துப்போட்டு அந்தக் கடனை அடை" என்று சண்டை. இன்னொரு தங்கச்சி குழுவை விட்டே போறேன் என்று சொல்லிட்டா.

தப்பு அவங்க மேல இல்லை. எங்க மேலதான். வெட்டச் சொல்லிக்கொடுத்தோம், தைக்கச் சொல்லிக்கொடுத்தோம். தைச்சதை ஒரு தடவை துவைச்சுப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதைச் சரி செய்ததும் நாங்கள் இல்லை. குழுவில் வயசான ஒரு அக்கா இருந்தாங்க. "மக்கா, எனக்கு உங்க ஜிக்ஜாக் தெரியாது. எங்க அம்மை சொல்லித்தந்த மாதிரி ஓரத்தை உள்ள மடக்கி அடிச்சா பிரியாதுல்லா" என்றாங்க. அதே மாதிரி பழைய பூவைப் பிரிச்சு, புதுப் பூ வெட்டி, ஓரத்தை மடக்கி, சாதாரணக் கால் மெஷினில் தைச்சாங்க. 38ல் 31 உறை தேறியது. மிச்சம் 7ல், நெருக்கமான தையலைப் பிரிச்ச இடத்தில் துணி ஓட்டையாகிப் போச்சு. அதைச் சின்னப் பைகளா மாத்தினாங்க. குழுவை விட்டுப் போறேன் என்று சொன்ன தங்கச்சி இன்னைக்கும் அதே குழுவில்தான் இருக்கா.

அன்னையிலிருந்து நாங்கள் எந்தக் குழுவிடமும், "முதல்ல பெரிய மெஷின் வாங்குங்க" என்று சொல்வதில்லை. ஓரத்தை முதல்ல கத்துக்கோங்க. ஆர்டர் நிலையா வரட்டும். மெஷின் பிறகு.

ஓர வேலை நம்ம ஊருக்குப் புதுசு இல்லை

"இதெல்லாம் பட்டணத்து ஃபேஷன்" என்று நினைக்காதீங்க. நாகர்கோவிலில் 1820களிலேயே பெண்கள் லேஸ் பின்னினாங்க. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார், தாம் நடத்திய பெண்கள் பள்ளியில் இதைச் சொல்லிக்கொடுத்தார். அப்போ தையல் மெஷின் இல்லை. திண்டு மாதிரி ஒரு தலையணை, அதில் குத்தின குண்டூசி, சின்னக் கட்டைகளில் சுத்தின நூல், அவ்வளவுதான்.

அன்னைக்கு நம்ம ஊர் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. அங்கே அடிமைமுறை இருந்தது. 1855ல்தான் அரசு அதை ஒழிச்சது. மால்ட் அம்மையாரிடம் லேஸ் படிச்சவங்களில் அடிமைக் குடும்பத்துப் பெண்களும் உண்டு. லேஸ் பின்னின கூலியைச் சேர்த்து வெச்சு, அந்தக் காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கின பெண்கள் இருந்திருக்கிறார்கள். யோசிச்சுப் பாருங்க. லேஸ் என்பது என்ன? துணியின் ஓரத்தில் வைக்கிற ஒரு விரல்கடை வேலை. அந்த வேலையின் கூலி, தன் கையில் வந்த கூலி, ஒரு பெண்ணை அடிமைத்தனத்திலிருந்து மீட்டிருக்கு.

தோள்சீலைப் போராட்டம் நடந்த மண்ணும் இதுதான். மேலாடை போடும் உரிமைக்காக நம்ம பாட்டிமார் அடிவாங்கினாங்க, 1859ல்தான் அரசு ஆணை வந்தது. தைச்ச சட்டை போடவே போராடின ஊரில், இன்னைக்கு நாம் தைச்சு விக்கிறோம். அதனால கூலி விஷயத்தில் நாம் கூச்சப்படக் கூடாது.

அப்ளிக்கும் அப்படித்தான். மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டம் பார்க்கப் போறவங்க, தேரைச் சுத்தி அலங்காரத் துணி தொங்குறதைப் பார்த்திருப்பீங்க. உருளை மாதிரி தொங்குறதைத் தொம்பை என்பாங்க. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் இப்படி ஒரு நிறத் துணி மேல இன்னொரு நிறத் துணியை உருவமா வெட்டி வெச்சுத் தைக்கிறதைப் பரம்பரைத் தொழிலாகவே செய்யிறாங்க. ஒடிசாவில் பிப்பிலி என்ற ஊர் இந்த வேலைக்கே பேர் போனது. பூரி தேர்களின் அலங்காரத் துணியோடு தொடர்புடைய வேலை அது.

சாதாரண மெஷினில் என்னென்ன முடியும்?

நம்மில் பலரிடம் இருப்பது நேர்தையல் மட்டும் போடுற கால் மெஷின். அதில் செய்யக்கூடிய நாலு ஓரங்களை மறுபடி ஞாபகப்படுத்துறோம்.

முதலாவது, பைப்பிங். கழுத்து, கை, பை ஓரம் எல்லாத்துக்கும் ஆகும். துணியை நேரா வெட்டாதீங்க. கோணமா, கிராஸ் பீஸா வெட்டுங்க. கிராஸ் பீஸ் இழுத்தா நீளும். அதனால் வளைவில் சுருக்கம் விழாமல் படியும். நேராக வெட்டின பட்டி வளைவில் நிமிர்ந்து நிக்கும். துண்டுகளை இணைக்கும்போதும் கோணமாகவே இணைங்க, முடிச்சு மாதிரி தடிக்காது.

ரெண்டாவது, வளைவு ஓரம். முதல் நற்கருணைக் கவுன், தொட்டில் விரிப்பு, மேசை விரிப்பு இதுக்கெல்லாம் நல்ல விலை கிடைக்கும். வளையலையோ பத்து ரூபாய் நாணயத்தையோ வெச்சு வரைஞ்சுக்கோங்க. நல்ல பக்கமும் நல்ல பக்கமும் சேர அடித்துணி வெச்சு, கோட்டு மேலேயே தைங்க. வளைவில் தையலைச் சின்னதாக்கணும். ரெண்டு வளைவு சேர்ற பள்ளத்தில் ஒரே ஒரு தையல் குறுக்கே போட்டுத் திரும்புங்க. பிறகு ஓரத்தை அரைக்கால் இஞ்சு விட்டு வெட்டுங்க. அந்தப் பள்ளத்தில், தையலுக்கு ஒரு நூல் இடைவெளி வரைக்கும் கத்தரி போகணும். அங்கே பயந்து வெட்டாமல் விட்டா, புரட்டினதும் சுருங்கி நிக்கும். தையலையே வெட்டிட்டா ஓட்டை. இந்த ஒரு இடத்தில்தான் கைப்பழக்கம் வேணும்.

மூணாவது, சமோசா மடிப்பு. நம்ம வீட்டு வெட்டுத்துணிக்கு இது வரப்பிரசாதம். 2 இஞ்சு சதுரமா துண்டு வெட்டுங்க. மூலைக்கு மூலை மடிச்சு, மறுபடி ஒருதடவை மடிச்சா முக்கோணம் கிடைக்கும். அடி 2 இஞ்சு, உயரம் 1 இஞ்சு. ஒன்றுக்குள் ஒன்றைப் பாதி நுழைச்சு வரிசையா வெச்சுத் தைச்சா, 36 இஞ்சு ஓரத்துக்கு 35 துண்டு போதும். கால் இஞ்சு தையலுக்குள்ள போனாலும் முக்கால் இஞ்சு வெளியில் அழகா நிக்கும். காசு கொடுத்து லேஸ் வாங்க வேண்டாம்.

நாலாவது, ஜிக்ஜாக் லேஸ். கடையில் கிடைக்கிற, பாம்பு போற மாதிரி வளைஞ்சு வளைஞ்சு இருக்குமே, அதுதான். அதை மேல வெச்சு நடுவில் தைக்கிறது ஒரு வகை. அடிமடிப்புக்குள்ள பாதியை மறைச்சு, வெளியே குட்டிக் குட்டி வளைவு மட்டும் தெரியத் தைக்கிறது இன்னொரு வகை. ரெண்டாவது வகைக்குத்தான் கடைக்காரங்க, "இது எங்க வாங்கினீங்க" என்று கேட்பாங்க. தைக்கிறதுக்கு முன்னால லேஸைத் தண்ணியில் நனைச்சு உலர்த்திடுங்க. இல்லாட்டி துவைச்ச பிறகு அது சுருங்கி, துணியையும் சேர்த்துச் சுருட்டிரும்.

அப்ளிக் பிரியாமல் இருக்க

அந்த அக்கா காட்டின வழியையே ஒழுங்குபடுத்திச் சொல்றோம்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் பூவை வரைஞ்சு வெட்டுங்க. துணியை அட்டையைவிடச் சுத்தி கால் இஞ்சு பெரிசா வெட்டுங்க. துணி ஓரத்தில் கைத்தையல் ஓட்டி, நடுவில் அட்டையை வெச்சு நூலை இழுத்தா, ஓரம் உள்பக்கம் மடங்கிக்கும். கொஞ்சம் மரச்சீனி மாவுக் கஞ்சி தடவி இஸ்திரி போடுங்க. ஆறினதும் நூலைத் தளர்த்தி அட்டையை உருவிடலாம். அந்த அட்டையையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். 100 பூவும் ஒரே அளவில் வரும். உள்வளைவு இருக்கிற இடத்தில் மட்டும் துணி ஓரத்தில் சின்ன வெட்டுக் கொடுங்க, அப்போதான் படியும்.

பிறகு பூவை உறை மேல வெச்சு, கைத்தையலால் பிடிச்சு, ஓரத்திலிருந்து ஒரு நூல் உள்ளே தள்ளி மெஷின் ஓட்டுங்க. மூலை வந்தா ஊசியைத் துணிக்குள்ள இறக்கி வெச்சு, பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்புங்க. ஆரம்பத்தையும் முடிவையும் மூணு நாலு தையல் திருப்பி அடிச்சுக் கட்டுங்க. மெல்லிய துணிக்கு 11ஆம் எண் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14. மழுங்கின ஊசி துணி நூலை இழுக்கும். ஒரு ஊசி மிச்சம் பிடிக்கப் போய் ஒரு உறையை இழக்காதீங்க.

ஜிக்ஜாக் மெஷின் வெச்சிருக்கிறவங்களும் இருக்கீங்க. உங்களுக்கு: பூவுக்கு அடியில் ஒட்டு கேன்வாஸ் வைங்க. உறைக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாள் வைங்க. செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். ஊசி வெளிப்பக்கம் இறங்கும்போது, பூவின் ஓரத்தைத் தாண்டி அடித்துணியில் சரியா ஒட்டி இறங்கணும். தையலின் அகலம் முழுக்கப் பூ மேல இருக்கணும். அன்னைக்கு 38 உறை பிரிஞ்சதுக்கு இதுதான் காரணம். ஊசி ஓரத்துக்கு உள்ளேயே இறங்கியிருந்தது, வெளி நூலைப் பிடிக்கவில்லை. மேல்நூல் இறுக்கத்தையும் கொஞ்சம் தளர்த்துங்க, அடிநூல் மேல தெரியாது.

கால் மெஷினிலேயே பாதத்தைக் கழட்டி, பல்லின் மேல் தகடு போட்டு மூடி, துணியை வளையத்தில் இறுக்கிக் கையாலேயே அசைச்சு நிரப்புத் தையல் போடலாம். மெஷின் எம்ப்ராய்டரி தெரிஞ்சவங்க அப்படித்தான் செய்வாங்க. ஆனா அது ஒரே நாளில் வராது. தினமும் அரை மணி நேரம் வெட்டுத்துணியில் பழகுங்க. விரல் ஊசிக்குப் பக்கத்தில் போகாமல் வளையத்தின் ஓரத்தையே பிடிங்க.

துவைச்சுப் பார்க்காமல் கொடுக்காதீங்க

எந்த ஆர்டர் வந்தாலும் முதல் ஒரு உருப்படியைத் தைச்சு, சோப்புப் போட்டு மூணு தடவை துவைச்சு, வெயிலில் உலர்த்துங்க. ஓரம் பிரியுதா, சாயம் இறங்குதா, துணி சுருங்குதா என்று பாருங்க. துணி வாங்கினதும் நனைச்சு உலர்த்தி, அதுக்குப் பிறகே வெட்டுங்க. சிவப்பு, மெரூன் துணியை ஈர வெள்ளைத்துணியில் அழுத்தித் தேய்ங்க. நிறம் ஒட்டினா அந்தத் துணியை வெள்ளை மேல வைக்கவே வேண்டாம்.

நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு. துணி கட்டுக்குள்ள ஈரம் நின்னா கரும்புள்ளி விழும். கடற்கரை ஊர்களில் உப்புக்காத்து ஊசியையும் மெஷினையும் துருப்பிடிக்க வைக்கும். வேலை முடிஞ்சதும் ஊசியைத் துடைச்சு, எண்ணெய் விட்டு, மூடி வைங்க. மறுநாள் தைக்கிறதுக்கு முன்னால கழிவுத்துணியில் பத்து தையல் ஓட்டுங்க, எண்ணெய்க் கறை நல்ல துணியில் படாது.

இனி கூலிக் கணக்கு

இதைக் கவனமாக் கேளுங்க. கணக்குக்காக ஒரு உதாரணம் சொல்றோம். ஒரு சாதாரணத் தலையணை உறைக்குத் துணி, நூல், பஸ் செலவு எல்லாம் சேர்த்து 100 ரூபாய் என்று வைங்க. தைக்க அரை மணி நேரம். உங்க உழைப்புக்கு மணிக்கு 60 ரூபாய் என்றால் கூலி 30. ஆக 130 ரூபாய்.

அதே உறையில் அப்ளிக்கும் சமோசா ஓரமும் வைக்கிறீங்க. நூலுக்கும் கேன்வாஸுக்கும் 5 ரூபாய் கூடுது. நேரம் ரெண்டு மணி ஆகுது, கூலி 120. ஆக 225 ரூபாய். கடைக்காரர் வந்து, "பூ வெச்சதுக்கு 20 ரூபாய் கூட்டி 150 தாறேன்" என்கிறார். நமக்கு 20 ரூபாய் கூடக் கிடைச்ச மாதிரி தெரியும். ஆனா அதில் 5 ரூபாய் சாமான் செலவு. மிச்சம் 15 ரூபாய்க்கு ஒன்றரை மணி நேரம் உழைச்சிருக்கோம். மணிக்கு 10 ரூபாய்!

அதனால் ஒரு சின்ன நோட்டு வைங்க. எத்தனை மணிக்கு உட்கார்ந்தோம், எத்தனை மணிக்கு எழுந்தோம், எத்தனை முடிஞ்சது என்று எழுதுங்க. "வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் தைச்சது" என்று சொல்லாதீங்க. நம்ம வீட்டில் யாரும் சும்மா இருக்கிறதில்லை. நோட்டு கையில் இருந்தால்தான் கடைக்காரரிடம் வாய் திறந்து பேச முடியும். வந்த கூலி உங்க பேரில் உள்ள கணக்கில் ஏறட்டும். 200 வருஷம் முன்னால லேஸ் பின்னின பெண்களுக்கு விடுதலை கிடைச்சது, கூலி அவங்க கையிலேயே வந்ததாலதான்.

கடைசியா மூணு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவும் ஒரு மாதிரி அட்டை தயாரிங்க. இங்கே கத்துக்கிட்ட ஓரங்களை ஆறு இஞ்சு துணியில் தைச்சு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிஷம் ஆச்சு என்று எழுதி ஒட்டுங்க. ரெண்டாவது, ஓணம், கிறிஸ்துமஸ் ஆர்டருக்குத் தனித்தனியாப் போய் விலையைக் குறைச்சுக் கேட்காமல், கூட்டமைப்பு வழியா ஒரே விலை சொல்லுங்க. மூணாவது, உங்க குழுவில் ஓரம் மடக்கத் தெரிஞ்ச வயசான அக்கா யாராவது இருந்தா, அடுத்த கூட்டத்தில் அவங்களைப் பக்கத்தில் உட்கார வெச்சுக் கேளுங்க. நாங்கள் அன்னைக்கு முதல்லயே கேட்டிருந்தா 38 உறை திரும்பி வந்திருக்காது.

இப்போ சான்றிதழ் வாங்க ஒவ்வொருத்தரா வாங்க. கையில் தைச்ச மாதிரியையும் எடுத்துட்டு வாங்க. முதல்ல உள்பக்கத்தைத்தான் பார்ப்போம்.